உடற்பயிற்சி செய்தால் மனம் லேசாகும் என்கிறார்களே, உண்மையா? மூளையில் அப்படி என்னதான் நடக்கிறது?

உண்மைதான். ஆனால் அன்றைக்கே தெரியும் பலன் வேறு, மாதக்கணக்கில் சேரும் பலன் வேறு.

அன்றைக்குத் தெரிவது அந்த உற்சாகம். அதற்குக் காரணம் எண்டார்பின், அதாவது வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் ஒரு ரசாயனம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓடினால் ரத்தத்தில் அது கூடத்தான் செய்கிறது, ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது எளிதில் நுழையாது. 2021இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். அப்படியும் உற்சாகம் வந்தது. அதனால் இப்போது கவனம், உடம்பே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் என்ற வேறு ரசாயனங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. அவை கொழுப்பில் கரைபவை, மூளைக்குள் சுலபமாகப் போய்விடும்.

மெதுவாக வரும் பலனை என் அப்பாவிடம் பார்த்தேன். ரிட்டயர் ஆன பிறகு நாற்காலியை விட்டு எழவே மாட்டார். பேப்பர் பிரிக்காமலே கிடக்கும். மனநல மருத்துவர் மாத்திரையோடு சாயங்கால நடையையும் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாமா வாசலில் வந்து நின்று, "வாங்க சார், டீக்கடை வரைக்கும்தானே" என்று கூப்பிட்டால் மட்டும் கிளம்புவார். முதலில் சரியானது தூக்கம். நடுராத்திரியில் கூடத்தில் விளக்கு எரிவது நின்றது. அப்புறம் ஒருநாள் சாம்பாரில் உப்பு கம்மி என்றார். அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

மாத்திரையா, நடையா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு இருந்த, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை, இன்னொன்றுக்குப் பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். ஆனால் தொடக்கத்தில் மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. அதனால் நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், நடை அப்புறம்.

மூளையின் அமைப்பே மாறுமா? நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் வயதாக ஆகச் சுருங்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரத்துக்கு 3 நாள் வேகமாக நடந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு அது சுமார் 2% பெரிதானது. வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்த மற்றவர்களுக்குச் சுருங்கியது. எல்லா ஆய்வுகளிலும் இப்படி வளர்ச்சி கிடைக்கவில்லை. சுருங்காமல் காப்பதே பெரிய விஷயம் என்பேன்.

உலக சுகாதார அமைப்பு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மனம் சரியில்லாத நாளில் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனாலே போதும். கூட வர ஓர் ஆள் இருந்தால் ரொம்ப நல்லது. எடை குறைந்ததா என்று பார்த்துச் சோர்ந்துபோகாமல், ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று பாருங்கள்.