கேமிங் ஹெட்செட்டுக்கு அப்புறம் என்ன வாங்கலாம்? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): சார், மூணு வருஷமா ஒரு யூஎஸ்பி கேமிங் ஹெட்செட் வச்சிருக்கேன். குஷன் தோல் உரிஞ்சு காதெல்லாம் கறுப்பா ஒட்டுது, மைக்கை ஆட்டி ஆட்டி வச்சாத்தான் பேசுறது கேக்குது. வேலரன்ட், சிஎஸ் 2 (ரெண்டும் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடுவேன், மத்த நேரம் பூரா பாட்டுதான், ராஜா, ரஹ்மான், கொஞ்சம் கச்சேரி. இந்த தடவை 15 ஆயிரம் வரைக்கும் சேத்து வச்சிருக்கேன். இதைவிட பெரிய கேமிங் ஹெட்செட்டா வாங்கவா, இல்ல பாட்டு கேக்குற ஹெட்போன் வாங்கவா? 7.1 (சுத்தி எட்டு ஸ்பீக்கர் வச்ச மாதிரி சத்தம்) இல்லன்னா எதிரி காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு தெரியாதுன்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்துறாங்க.

பதில்: பாட்டு கேக்குற நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒண்ணு, தனியா ஒரு மைக் ஒண்ணு, இதுதாங்க என் பதில், யோசிக்காம போங்க. கேமிங்னு பேர் போட்ட ஹெட்செட்ல நீங்க குடுக்குற காசு மைக்குக்கும் லைட்டுக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டுக்கும் சாஃப்ட்வேருக்கும் பிரிஞ்சு போகுது, காதுக்கு வர்ற சத்தத்துக்குன்னு மிஞ்சுறது கம்மி. வெடிச் சத்தம் அதிரணும்னு நிறைய மாடல்ல பேஸை (கும்முனு வர்ற கனத்த சத்தம்) ஏத்தி விட்டிருப்பாங்க, அந்த பேஸ் காலடிச் சத்தத்தையும் மூடும், பாட்டுல குரலையும் மூடும், ஆக ரெண்டுக்குமே நஷ்டம்.

7.1 பயத்தை முதல்ல போக்கிடுறேன். உங்க ஹெட்செட்டைப் பிரிச்சுப் பாத்தா உள்ள பெரும்பாலும் ஒரு காதுக்கு ஒண்ணுன்னு ரெண்டே ஸ்பீக்கர்தான் இருக்கும், ஏழும் எட்டும் இருக்காது, மத்ததெல்லாம் சாஃப்ட்வேர் கணக்கு. நமக்கு நிஜத்துல திசை எப்படித் தெரியுதுன்னா, இடது பக்கம் வர்ற சத்தம் இடது காதுக்கு கொஞ்சம் முன்னாடியே வந்து சேருது (ரெண்டு காதுக்கும் நடுவுல அதிகபட்ச வித்தியாசமே 0.7 மில்லிசெகண்ட் பக்கம்தான்), தலை நடுவுல மறைக்கிறதால வலது காதுல சத்தம் குறையுது, முன்னாடி பின்னாடி மேல கீழங்கிறதை காது மடலோட வளைவு சத்தத்தை மாத்துற விதத்தை வச்சு மூளை கண்டுபிடிக்குது. இந்த மொத்தக் கணக்குக்கும் ஹெச்ஆர்டிஎஃப்னு பேரு. சிஎஸ் 2 இதை கேமுக்குள்ளயே போட்டுத்தான் சத்தத்தை அனுப்புது, வேலரன்ட்லயும் ஆடியோ செட்டிங்ஸ்ல ஹெச்ஆர்டிஎஃப்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு. அதுக்கு மேல ஹெட்செட்டோட 7.1-ஐயும் விண்டோஸ் சோனிக்கையும் (விண்டோஸ்லயே வர்ற இதே மாதிரி வசதி) போட்டா ஒரே சத்தம் ரெண்டு தடவை, மூணு தடவை அரைபட்டு முன்னாடி எது பின்னாடி எதுன்னே குழம்பிடும். விண்டோஸ்ல ஸ்டீரியோ, கேமுக்குள்ள ஹெச்ஆர்டிஎஃப் ஆன், வேற எதுவும் வேண்டாம்.

இப்ப மாடலுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ரூமைப் பத்தி யோசிங்க, இதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, ஆனா முக்கால்வாசி முடிவு இங்கதான் இருக்கு. ஹெட்போன்ல ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக்னு ரெண்டு வகை. ஓப்பன்ல வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும், சத்தம் தலைக்குள்ள அடைஞ்சு கிடக்காம விரிஞ்சு கேக்கும், காதும் அவ்வளவா வேகாது, யார் எங்க இருக்காங்கன்னு பிரிச்சுக் கேக்க சுகமா இருக்கும். ஆனா உள்ள கேக்குற பாட்டு பக்கத்துல இருக்குறவங்களுக்கும் கேக்கும், வெளில ஓடுற ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் உங்களுக்கு அப்படியே உள்ள வரும். தனி ரூம், ராத்திரி நேரம், ஃபேன் மெதுவா ஓடுதுன்னா ஓப்பன் எடுங்க. ஹால்ல டிவி ஓடுற இடத்துல உக்காந்து ஆடுறீங்க, இல்ல பக்கத்துல தம்பி படிக்கிறான்னா க்ளோஸ்டு எடுங்க, அதுல ஒரு குறையும் இல்ல.

ஓப்பன்ல என் முதல் தேர்வு சென்ஹைசர் ஹெச்டி 560எஸ். 2020-ல வந்தது, எடை 240 கிராம்தான், நாலு மணி நேரம் போட்டாலும் கழுத்து வலிக்காது. பேஸ் அதிராது, அதை முன்னாடியே சொல்லிடுறேன், ஆனா இருக்குற பேஸ் சுத்தமா இருக்கும். ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தாளத்துக்கு வாசிக்கிறதோட நிக்காம தனியா ஒரு மெட்டே பாடிட்டு போகும்ல, அது மத்த ஹெட்செட்ல ஒரே கும்முனு கேக்கும், இதுல விரல் எங்க நகருதுன்னு தொடர்ந்து போகலாம். கச்சேரி கேட்டீங்கன்னா மிருதங்கத்துல தொப்பிப் பக்கம் (இடது) கும்கியும் வலந்தலை (வலது) மீட்டும் ரெண்டா பிரிஞ்சு நிக்கும், பின்னாடி தம்பூரா விடாம ஓடுறது கேக்கும். இதுக்காகவே வாங்கலாம்னு சொல்லுவேன். அதே காது காலடிச் சத்தத்தையும் பிரிக்கும், ரெண்டுக்கும் வேணும்ங்கிறது ஒரே குணம்தான்.

காசு மிச்சம் பண்ணணும்னா பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500, இதுவும் ஓப்பன்தான், 32 ஓம் (மின்தடை அளவு), எதுல சொருகினாலும் பாடும், கிடைச்சா விட்டுடாதீங்க. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவை கேமர்ஸ் நிறைய பேர் புகழ்வாங்க, ட்ரெபிள் (கீச்சுனு வர்ற உச்ச சத்தம்) தூக்கலா இருக்குறதால காலடி, ரீலோட் சத்தம் எல்லாம் பளிச்சுனு வரும், ஆனா அதே ட்ரெபிள்தான் பாட்டுல "ஸ" வர்ற எடத்துலயும் ஜால்ராவுலயும் நாகஸ்வரம் உச்சத்துக்குப் போறப்பவும் காதைக் குத்தும். மத்த நேரம் பூரா பாட்டுதான்னு நீங்க சொன்னதால உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். க்ளோஸ்டுதான் வேணும்னா ஆடியோ டெக்னிகா ஏடிஹெச்-எம்40எக்ஸ், அதுக்கு மேல போகணும்னா பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. விலை வாரத்துக்கு வாரம் மாறுது, சேல் நேரத்துல நல்லாவே இறங்குது, அதனால விலையை இங்க எழுதல, உங்க 15 ஆயிரத்துல மைக்குக்கு ஒரு ஆயிரத்து ஐநூறை முதல்லயே ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்துக்குத் தேடுங்க.

மைக்குக்கு சட்டைல குத்துற போயா பிஒய்-எம்1 மாதிரி ஒண்ணு போதும், கேபிள் 6 மீட்டர் நீளம், சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கணும். ஒரே ஒரு விஷயம் கவனிங்க, லேப்டாப்ல ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேத்து ஒரே ஓட்டைதான் இருக்கும்னா ரெண்டா பிரிக்கிற ஒய் ஸ்ப்ளிட்டர் கேபிள் வாங்கணும், இல்லன்னா ரெண்டும் ஒண்ணா வேலை செய்யாது. டேபிள்ல இடம் இருந்தா ஃபிஃபைன் மாதிரி யூஎஸ்பி மைக் இன்னும் நிம்மதி, ஆனா கீபோர்டுக்குப் பின்னாடி வைக்காதீங்க, வாய்க்குப் பக்கத்துல வைங்க, இல்லன்னா டீம் மொத்தமும் உங்க கீபோர்டு தட்டுறதைத்தான் கேக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): 250 ஓம் ஹெட்போன் வாங்கினா கண்டிப்பா ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கித் தர்ற பெட்டி) வாங்கணும்னு கடைல சொல்றாங்க, ஆம்ப் விலையே ஹெட்போன் விலைக்கு வருது. நிஜமாவே வேணுமா?

பதில்: ஓம் நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஓம் அதிகம்னா தரம் அதிகம்னும் அர்த்தம் இல்ல. பக்கத்துலயே சென்சிடிவிட்டின்னு ஒரு நம்பர் (எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும்னு சொல்றது) இருக்கும், ரெண்டையும் சேத்துப் பாக்கணும். ஹெச்டி 560எஸ் 120 ஓம், ஆனா 1 வோல்ட் குடுத்தாலே 110 டெசிபல் வரும், அது காதே தாங்காத சத்தம், ஒரு சாதாரண மதர்போர்டே அந்த 1 வோல்ட்டைக் குடுத்துடும். டிடி 990 ப்ரோ 250 ஓம் மாடலுக்கு அதே 1 வோல்ட் குடுத்தா கிட்டத்தட்ட 8 டெசிபல் கம்மியா வரும், அப்பவும் நிறைய பேருக்கு அது போதுமான சத்தம்தான்.

அதனால முதல்ல ஹெட்போனை வாங்கி கம்ப்யூட்டரோட பின்பக்க ஜாக்ல சொருகிக் கேளுங்க. முன்பக்க ஜாக்குக்குப் போற வயர் கேபினட் உள்ள கிராபிக்ஸ் கார்டைத் தாண்டி வர்றதால மவுஸ் நகத்தும்போதெல்லாம் கிர்ருனு இரைச்சல் வர்றது உண்டு. வால்யூம் முழுசா வச்சும் பத்தலன்னா ஆம்ப் வாங்குங்க. சத்தம் போதும், ஆனா இரைச்சல் கேக்குது, இல்ல லேப்டாப் சார்ஜ்ல இருக்குறப்ப மட்டும் ரீங்காரம் வருதுன்னா ஆப்பிளோட யூஎஸ்பி-சி டூ 3.5 எம்எம் டாங்கிள் ஒண்ணு போட்டுப் பாருங்க, அந்தச் சின்னத் துண்டு வயருக்குள்ள நல்ல டிஏசி (டிஜிட்டல் பாட்டைக் கேக்குற சிக்னலா மாத்துற சிப்) இருக்கு, விண்டோஸ்ல அருமையா வேலை செய்யும் (ஆண்ட்ராய்டு போன்ல மட்டும் சத்தம் கம்மியா வரும்). ரெண்டு பிரச்னையும் இல்லன்னா அந்தக் காசை ஹெட்போன்லயே போடுங்க, ஆம்ப் மாத்துறதால வர்ற வித்தியாசத்தைவிட ஹெட்போன் மாத்துறதால வர்ற வித்தியாசம் பல மடங்கு பெருசு.

இன்னொண்ணும் சொல்லணும், ஈக்வலைசர் ஏபிஓன்னு பேஸ், ட்ரெபிளையெல்லாம் ஏத்தி இறக்க விண்டோஸ்க்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, முழுக்க இலவசம். அதுக்கு மேல பீஸ்னு ஒண்ணைப் போட்டுக்கிட்டா பட்டன் பட்டனா ஈஸியா மாத்தலாம். பேஸ் பத்தலன்னு தோணினா 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ 4 டெசிபல் ஏத்துங்க, மறக்காம ப்ரீஆம்பை (மொத்த சத்த அளவு) அதே 4 டெசிபல் இறக்குங்க, இல்லன்னா சத்தமான எடத்துல பொரியும். சிஎஸ் 2-வுக்கு ஒரு செட்டிங், பாட்டுக்கு ஒரு செட்டிங்னு தனித்தனியா சேவ் பண்ணிக்கலாம்.

கேள்வி (மதுரை கல்லூரி மாணவர்): அண்ணா, பிஜிஎம்ஐ (போன்ல ஆடுற துப்பாக்கி கேம்) ஆடுறப்ப ப்ளூடூத் இயர்பட்ஸ்ல சுட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது. லேப்டாப்ல டிஸ்கார்டு (டீமோட பேசுற ஆப்) போட்டா கேம் சத்தமே பழைய ரேடியோ மாதிரி ஆயிடுது. பட்ஸ் ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்ல தம்பி, ப்ளூடூத் அப்படித்தான் வேலை செய்யுது. போன் சத்தத்தைச் சுருக்கி, காத்துல அனுப்பி, பட்ஸ் அதைப் பிரிச்சு வாசிக்கிறதுக்குள்ள சாதாரணமா 150-ல இருந்து 250 மில்லிசெகண்ட் ஓடிடும். படம் பாக்குறப்ப ஆப்பே வீடியோவை அந்த அளவுக்குத் தள்ளிப் போட்டு சமாளிச்சுடும், கேம்ல அப்படித் தள்ள முடியாதுல்ல. கேம் மோடு போட்டா குறையும், ஆனா வயர் அளவுக்கு வராது.

டிஸ்கார்டு விஷயம் வேற. நம்ம வழக்கமான ப்ளூடூத்ல பாட்டு வர்ற வழி ஒருவழிப் பாதை, மைக்கைத் திறந்த உடனே பட்ஸ் போன் பேசுற மோடுக்கு மாறிடும், ஸ்டீரியோ போய் மோனோ ஆகும், தரமும் ஃபோன் கால் அளவுக்கு இறங்கிடும். உடனே பண்ண வேண்டியது, டிஸ்கார்டுல மைக்கா லேப்டாப் மைக்கையோ வேற மைக்கையோ செலக்ட் பண்ணு, பட்ஸை கேக்குறதுக்கு மட்டும் வை, சத்தம் பழையபடி வந்துடும். வயர் இல்லாமத்தான் ஆடணும்னா 2.4 ஜிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டாங்கிளோட வர்ற ஹெட்செட் பாரு, அதுல தாமதம் ரொம்பக் கம்மி.

மாணவன்னு சொன்னதால என் மனசுல பட்டதைச் சொல்றேன், வயர் இயர்போன் வாங்கு. மூன்ட்ராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் ஸீரோ 2 ரெண்டும் கம்மி விலைல வர்ற ஐஇஎம் (காதுக்குள்ள சொருகுற இயர்போன்), ரெண்டுலயும் கேபிளைக் கழட்டி மாத்தலாம். இந்தக் காசுக்குப் பத்து வருஷம் முன்னாடி இப்படி ஒரு சத்தம் நினைச்சே பாத்திருக்க முடியாது. உன் போன்ல ஜாக் இல்லன்னா டைப்-சி டாங்கிள் ஒண்ணு சேத்து வாங்கிக்கோ. பெட்டில வர்ற ரப்பர்ல காதுக்குச் சரியா அடைக்கிற சைஸைப் போடு, லூசா இருந்தா பேஸே வராது, வாங்கினவங்க குறை சொல்றதுல பாதி இந்த ரப்பர் விஷயம்தான்.

கேள்வி (சென்னை வாசகி): கண்ணாடி போடுவேன், மே மாசத்துல ஹெட்செட் போட்டா அரை மணி நேரத்துல காதெல்லாம் வேர்வை. என்ன வழி?

பதில்: ரெக்சின் குஷன் இருக்குறதைத் தவிர்த்துட்டு வெல்வெட் மாதிரி துணி குஷன் வர்றதா பாருங்க. காத்து போகும், கண்ணாடிக் காம்பு குஷனுக்குள்ள அமுங்கிக்கும், சத்தமும் அவ்வளவா ஒழுகாது. டிடி 770 ப்ரோ (80, 250 ஓம் மாடல்), 560எஸ் ரெண்டுமே துணி குஷன்தான், ஆனா 560எஸ் புதுசுல தலையைக் கொஞ்சம் இறுக்கும். ராத்திரி பூரா அடுக்கி வச்ச புக் மேலயோ அதோட பெட்டி மேலயோ விரிச்சு மாட்டி வச்சா சில நாள்ல தளரும். குஷன் தனியா வாங்கக் கிடைக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, நம்ம ஊர் வேர்வைக்கு முதல்ல போறது அதுதான். முடிஞ்சா கடைல உங்க கண்ணாடியோடவே கால் மணி நேரம் போட்டு உக்காருங்க, ரெண்டு நிமிஷம் போட்டுப் பாத்தா எல்லாமே சுகமாத்தான் இருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): என் பையன் பத்தாவது படிக்கிறான், லீவுல தினமும் அஞ்சு மணி நேரம் ஹெட்செட்டோடதான் இருக்கான். கூப்பிட்டா கேக்கல. காதுக்கு ஆபத்தா?

பதில்: ஹெட்செட் போடுறதால ஆபத்து இல்லைங்க, எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்னு ரெண்டும் சேந்துதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைங்களுக்கு 75 டெசிபல்ல அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்கணும், அந்தக் கணக்குல 90 டெசிபல் வச்சா பெரியவங்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உங்க பையன் அந்த அளவுல வச்சிருந்தா வாரம் முழுசுக்கும் உள்ளதை ஒரே நாள்ல தாண்டிடுவான்.

அவன்கிட்ட சண்டை போடாம ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. கேம்ல வெடி, துப்பாக்கிச் சத்தம் ரொம்ப உயரத்துலயும் காலடி ரொம்பக் கீழயும் இருக்கும், காலடி கேக்கணும்னு எல்லாத்தையும் ஏத்தி வைப்பாங்க. விண்டோஸ்ல லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்னு ஒரு செட்டிங் இருந்தா (சில கம்ப்யூட்டர்ல இருக்காது) அதைப் போட்டா பெரிய சத்தம் அடங்கி சின்னது மேல வரும், மொத்த வால்யூமை இறக்கிட்டே ஆடலாம். ஆடி முடிச்சதும் காதுல ஙொய்ங்னு சத்தம் இருக்குன்னு எப்பவாவது சொன்னா அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, சத்தம் ரொம்ப அதிகமாப் போயிருக்குன்னு அர்த்தம், அடிக்கடி வந்தா ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. உள்காதுல ஒரு தடவை செத்துப்போன செல் திரும்ப வளராதுங்க.

கேள்வி (ஈரோடு வாசகர்): பிஎஸ்5-ல என் ப்ளூடூத் ஹெட்போனைக் கனெக்ட் பண்ண முடியல. சாதா ஹெட்போன் போட்டா 3டி ஆடியோ வருமா?

பதில்: பிஎஸ்5 ப்ளூடூத் ஹெட்போனை நேரடியா எடுத்துக்காது. கன்ட்ரோலர் அடியில இருக்குற 3.5 எம்எம் ஜாக்ல எந்த ஸ்டீரியோ ஹெட்போனைச் சொருகினாலும் 3டி ஆடியோ வரும், தனியா எதுவும் வாங்க வேண்டாம். சவுண்ட் செட்டிங்ஸ்ல 3டி ஆடியோ ப்ரொஃபைல்னு போய், கேட்டுப் பாத்து உங்க காதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோங்க.