தார்ச்சாலை ரேலியில் எடுத்த படங்களில் கார்கள் ஏன் நிறுத்திவைத்தது போல் தெரிகின்றன?

கேள்வி: பார்வையாளராக ஒரு பிராந்தியத் தார்ச்சாலை ரேலிக்குப் போய் இன்றைய கார்களைப் படமெடுத்தேன். படங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாக் காரும் நிறுத்திவைத்தது போல் தெரிகிறது. எங்கே நிற்க வேண்டும், என்ன ஷட்டர் வேகம் வைக்க வேண்டும்? இதற்கு மொபைல் போதுமா?

பதில்: உங்கள் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். பாதிக் காரணம் காரிடம்தான் இருக்கிறது. மண்சாலை ரேலியில் கார் பக்கவாட்டில் சறுக்கும், புழுதி எழும், கல் பறக்கும். சுமாராக எடுத்தாலும் படத்தில் வேகம் தானாக வந்துவிடும். தார்ச்சாலையில் இன்றைய ரேலி2 கார் (ரேலி கார்களைத் திறன் வாரியாகப் பிரித்த வகைகளில் ஒன்று) அந்தச் சலுகை எதையும் தராது. 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 18 அங்குலச் சக்கரங்கள், தரையை ஒட்டித் தாழ்த்திய உடல். சறுக்கினால் நேரம் போகும் என்பதால் ஓட்டுநரும் கோடு கிழித்தாற்போல் வளைவை வெட்டிக்கொண்டு போய்விடுவார். அதைப் போய் 1/2000 நொடியில் உறைய வைத்தால், ஸ்டிக்கர் ஒட்டிச் சாலையோரம் நிறுத்திய கார்தான் கிடைக்கும்.

முதலில் சக்கரத்தைப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் காரின் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றுகிறது. 1/1000 நொடியில் அது ஏறத்தாழ 5 பாகைதான் திரும்பும்; ஆரங்கள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். 1/125 வைத்தால் 40 பாகை வரை திரும்பி, ஆரங்கள் கலைந்து வட்டமாகிவிடும். ஆனால் அதே 1/125-ஐ 40 கி.மீ. வேகத்தில் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் வைத்தால் சக்கரம் 15, 16 பாகையோடு நின்றுவிடும். அங்கே 1/60-க்கோ அதற்கும் கீழேயோ இறங்க வேண்டும். 'ரேலிக்கு இதுதான் ஷட்டர் வேகம்' என்று ஒரே எண்ணைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வளைவுக்கு வளைவு அது மாறும்.

குறைந்த ஷட்டர் வேகம் என்றால் காரோடு சேர்ந்து கேமராவையும் திருப்ப வேண்டும், அதாவது பேனிங். கார் எங்கே உங்களைக் கடக்குமோ அந்தத் திசைக்குப் பாதங்களை வைத்துவிட்டு, கார் வரும் பக்கம் இடுப்பைத் திருப்பிக் காத்திருங்கள். பக்கக் கண்ணாடியையோ கதவிலுள்ள எண்ணையோ பிடித்துக்கொண்டு பின்தொடருங்கள். ஷட்டரை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

பேனிங் பற்றிப் பலர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. நேர்ச்சாலையில் பேன் செய்தால் கதவு மட்டும் தெளிவாக இருக்கும், முகப்பும் வாலும் கலங்கிவிடும். கடந்து போகும்போது காரின் ஒவ்வொரு பகுதியும் உங்கள் பார்வையில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதுதான் காரணம். வளைவின் உட்புறத்தில், சாலையைவிட உயரமான மேட்டில் இடம் கிடைத்தால் நிலைமையே வேறு. கார் உங்களைச் சுற்றி வருகிறது. தூரமும் கோணமும் அதிகம் மாறுவதில்லை. 1/60-இலும் முகப்பிலிருந்து வால் வரை கூர்மையாக வரும். நான் ஸ்டேஜுக்கு, அதாவது சாலையை மூடிவிட்டு நேரம் கணக்கிட்டு ஓட்டும் பகுதிக்குப் போனதும் தேடுவது அப்படியொரு மேட்டைத்தான். பின்னணியில் மரங்களோ கற்சுவரோ இருந்தால் நல்லது. வெறும் வானம் இருந்தால் பேனிங்கே வீண். கோடாக இழுபட அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பாரம் ஏறும் இடத்தைத் தேடுங்கள். கார் சறுக்காவிட்டாலும் அதன் உடல் பொய் சொல்லாது. வளைவுக்குச் சற்று முன், ஓட்டுநர் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த ஓரிரு கார் நீளத்தில் மூக்கு தாழும், வெளிப்புற முன் டயரின் பக்கச் சுவர் நசுங்கி மடியும். கொஞ்சம் நீளமான லென்ஸில் அந்த டயரை மட்டும் சட்டகத்தில் நிரப்பிப் பாருங்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் நிற்கிற கார் என்று சொல்ல மாட்டார்கள். பெஜோ 208, ஓபல் கோர்சா போன்ற ரேலி4 கார்கள் முன்சக்கர இயக்கம் கொண்டவை. வளைவுக்குள் அவற்றின் உட்புறப் பின்சக்கரம் தரையை விட்டு எழும். விலையிலும் வேகத்திலும் ரேலி2-க்குக் கீழே இருந்தாலும், படத்துக்கு இவைதான் எனக்குப் பிடித்தவை. முன்னணிக் கார்கள் போனதும் கூட்டம் கலையத் தொடங்கும்போது நீங்கள் கலைந்துவிடாதீர்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் பின்னால் வரும் கார்கள் முக்கியம். தார்ச்சாலையில் எல்லாரும் வளைவின் உள்மூலையைப் புல்லோடு சேர்த்து வெட்டுவார்கள். முதல் கார்களுக்குச் சாலை சுத்தமாக இருக்கும். பத்துப் பதினைந்து கார்கள் வெட்டியதும் மண்ணும் சரளையும் சாலைக்கு ஏறிவிடும். அதன் பிறகு உட்சக்கரம் மண்ணைக் கிளப்பும், பின்பக்கம் லேசாக நழுவும். மண்சாலை ரேலியின் சுவை கொஞ்சம் தார்ச்சாலைக்கே வந்து சேரும்.

கொண்டை ஊசி வளைவில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்ததும் ரேலி2 காரில் பின் அச்சுக்குப் போகும் இயக்கம் துண்டிக்கப்பட்டு, பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் 1/30 வைத்தாலும் பின்சக்கரம் சுற்றாமல்தான் பதிவாகும். முன்சக்கரம் கலங்கி, பின்சக்கரம் அசையாமல், வால் மட்டும் வெளியே வீசப்பட்ட நிலையில் வரும் படம் அழகு. ஆனால் அதன் பொருள் தெரியாதவர்கள் 'ஷட்டர் வேகம் தப்பு' என்பார்கள். விட்டுவிடுங்கள்.

மாலை, இரவு ஸ்டேஜ் கிடைத்தால் விடாதீர்கள். நீண்ட இறக்கத்தின் முடிவில் பிரேக் டிஸ்க்குகள் ஆரங்களுக்கிடையே செக்கச் சிவக்கும். தார்ச்சாலைக்கென்று ரேலி2 கார்களில் 355 மி.மீ. டிஸ்க் பொருத்துவார்கள், மண்சாலைக்கு 300 மி.மீ.தான். அதனால் சிவப்பு வளையம் பெரிதாகவே தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சில கார்களின் புகைக்குழாயில் தீ உமிழும். டர்போவின் சுழற்சி தளராதிருக்க எரிபொருளைப் புகைக்குழாய்ப் பக்கம் எரிய விடும் ஏற்பாட்டின் விளைவு அது. அதைப் பிடிக்க, வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும் இடத்தில், காரின் பின்பக்கம் தெரியும்படி நின்று, தொடர்ச்சியாகச் சுடுங்கள். ஒரு எச்சரிக்கை: இன்றைய கார்களின் எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். சென்சாரை மெதுவாக வாசிக்கும் கேமராவில் சக்கரங்கள் முட்டை வடிவமாகவும், பேன் செய்யும்போது பின்னணிக் கம்பங்கள் சாய்ந்தும் வரும். மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது; எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பது விளையாட்டல்ல.

பகலில் முன்கண்ணாடியில் வானம் பிரதிபலித்து உள்ளே இருப்பவர்களை மறைத்துவிடும். போலரைசர் வடிகட்டி ஒன்றைத் திருகிப் போட்டால், ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) விலையாகக் கொடுத்து, உள்ளே பார்க்கலாம். ஓட்டுநரின் பார்வை வளைவின் முடிவில் இருக்கும். பக்கத்தில் இருந்து வழி சொல்லும் துணை ஓட்டுநரோ சாலையைப் பார்க்காமல் மடியிலுள்ள குறிப்பேட்டில் தலை கவிழ்ந்திருப்பார். இந்தக் குனிந்த தலை படத்தில் விழுந்தால், ரேலி என்பது தனியாள் ஓட்டும் பந்தயம் அல்ல என்று விளக்கவே வேண்டியதில்லை.

இனி நிற்கும் இடம். ஊடகச் சட்டை போட்டவர் நிற்கும் இடத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், நாடாவைத் தாண்டவும் வேண்டாம். 1986 போர்ச்சுகல் ரேலியில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்தது பழங்கதை என்று நினைப்பவர்கள் உண்டு. 2014-இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஜிம் கிளார்க் ரேலியில் சாலையை விட்டு விலகிய கார் மோதி மூவர் இறந்தார்கள். அதுவும் தார்ச்சாலை ரேலிதான். பிடி தவறிய கார் பெரும்பாலும் வளைவின் வெளிப்புறத்துக்கே நேராகப் போகும். உள்மூலையில் கல்லில் இடித்தால் எந்தப் பக்கமும் தூக்கி எறியப்படும். ஆகவே உயரம், தூரம், பின்வாங்க வழி மூன்றும் வேண்டும். உட்காராதீர்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபின் தூரம் தெரியாது என்பதால், பக்கத்தில் ஒரு நண்பர் இருப்பது நல்லது. மார்ஷல் (பாதுகாப்பைக் கவனிக்கும் ரேலி அலுவலர்) நகரச் சொன்னால் நகருங்கள். பார்வையாளர்கள் தவறான இடத்தில் நின்றால் ஸ்டேஜையே ரத்து செய்துவிடுவார்கள்.

சாலை மூடப்படும் முன்பே போய்ச் சேர வேண்டும். போட்டிக்கு முன் 000, 00, 0 என்று எண்ணிட்ட பாதுகாப்புக் கார்கள் வரும். அவற்றில் உங்கள் அமைப்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்டேஜைப் பெரும்பாலும் இரண்டு முறை ஓட்டுவார்கள். முதல் சுற்றில் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால், இரண்டாவது சுற்றில் வெளிச்சமும் மாறியிருக்கும், உங்கள் இடமும் மாறியிருக்கும். லென்ஸைப் பொறுத்தவரை 70-200 மி.மீ. ஒன்று போதும். மற்றவை தோள்பைக்கு எடை.

மொபைல் போதுமா என்றும் கேட்டீர்கள். பேனிங்குக்குப் போதாது, நல்ல வெயிலில் அதன் ஷட்டர் வேகத்தைக் குறைப்பதே பெரும்பாடு. ஆனால் ஸ்டேஜ்களுக்கிடையே கார்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் பார்க்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தால் அங்கே மொபைல்தான் வசதி. முன்பக்கக் கவசத்தைக் கழற்றிப்போட்ட கார், அடியில் படுத்திருக்கும் மெக்கானிக், டயரின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்க்கும் ஓட்டுநர், எல்லாம் கை நீட்டும் தூரத்தில் கிடைக்கும். பின்பக்க ஜன்னல் கண்ணாடியில் இருவர் பெயரும் ஒட்டியிருப்பார்கள், அதையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பிரிக்கும்போது எந்தக் கார் யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.