‘நல்லா இருக்கு’ என்ற பதில் போதாது, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

கேள்வி: முழு நீளத் திரைக்கதை ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். நாயகி ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். கொலை வழக்கில் கைதான காது கேளாத ஒருவர் பேசுவதை அவருடைய வக்கீலுக்கு மொழிபெயர்க்கப் போகிறாள். கொலையைப் பார்த்த அந்த மனிதர், கொலைகாரன் காலை இழுத்து நடந்ததை நடித்துக் காட்டுகிறார். அது தன் தம்பியின் நடை என்று அவளுக்குப் புரிகிறது. அதை மட்டும் வக்கீலிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். இதெல்லாம் முதல் 20 நிமிடத்தில் நடக்கிறது. நான் எழுதிய லாக்லைன், அதாவது முழுக் கதையையும் ஓரிரு வரியில் சொல்லும் சுருக்கம், இது: “பாசத்துக்கும் நியாயத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் ஒரு பெண்ணின் உணர்ச்சிகரமான போராட்டம்.” எங்கள் எழுத்துக் குழுவில் ஒருவர் செம என்றார். இன்னொருவர் ட்விஸ்ட்டைச் சொல்லிவிடாதே என்றார். மூன்றாமவர் நாயகியைப் போலீஸ் ஆக்கு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மற்றவர்களின் லாக்லைனுக்கு நான் எப்படிக் கருத்துச் சொல்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் கதை அருமையானது. வாயால் சொல்லாமல் உடம்பால் நடித்துக் காட்டப்படும் சாட்சியம், அது யாருடைய நடை என்று புரிந்த ஒரே ஆள் அதை விழுங்கிவிடுவது, இரண்டுமே திரைக்கென்றே பிறந்த விஷயங்கள். ஆனால் உங்கள் லாக்லைனில் இதில் ஒன்றுகூட இல்லை. பாசம், நியாயம், போராட்டம் என்பவை ஆயிரம் கதைக்குப் பொருந்தும். தயாரிப்பாளரின் மேஜைக்கு உங்கள் தாள் போகும்போது, உங்களுக்கு மட்டுமே சொந்தமான அந்தக் கால் இழுத்த நடை வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

சரி, மூன்று கருத்துகளுக்கு வருவோம். செம என்றவரை விட்டுவிடுங்கள், அன்பால் சொன்னது. ட்விஸ்ட்டைச் சொல்லாதே என்றவருக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 20-வது நிமிடத்தில் வருவது கதை தொடங்கும் இடம். அதை மறைத்தால் சொல்ல எதுவும் மிஞ்சாது. கிளைமாக்ஸைத்தான் பொத்தி வைக்க வேண்டும்.

மூன்றாமவரிடம்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். போலீஸ் ஆக்குவது தப்பான யோசனை, ஆக்கினால் கதையே செத்துவிடும். ஆனால் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? நீங்கள் “சிக்கிக்கொள்ளும்” என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கிக்கொண்டவள் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. அவள் ஏதாவது செய்ய வேண்டுமே என்ற தவிப்பில், கையில் அதிகாரம் உள்ள ஒரு வேலையை அவர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். வலிக்கிற இடத்தை நோயாளி சரியாகக் காட்டுவார், மருந்துச் சீட்டை அவரே எழுத வேண்டியதில்லை. வருகிற ஒவ்வொரு கருத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். எந்தச் சொல்லில் அவர் தடுக்கினார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கதை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்களிடம் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. கதைப்படி அவள் சிக்கவில்லை, மறைக்கிறாள். அந்தச் செயலை முன்னிறுத்தினால் இப்படி வரும்:

“கொலை வழக்கில் கைதான காது கேளாத ஒருவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளராகப் போகும் பெண், உண்மையான கொலைகாரன் தன் தம்பி என்று புரிந்ததும் அந்த அடையாளத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் விடுகிறாள். தீர்ப்புக்கு முன் தம்பியைச் சரணடைய வைக்காவிட்டால், அவள் மறைத்த அந்த ஒரு சைகையால் நிரபராதிக்கு ஆயுள் தண்டனை.”

சரணடைய வைப்பது என் ஊகம். உங்கள் நாயகி வேறு எதற்காவது அலைந்தால் அதை வையுங்கள். ஆனால் ஏதாவது ஒன்றுக்கு அவள் அலைந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் எழுத எதுவும் அகப்படவில்லை என்றால் கோளாறு லாக்லைனில் இல்லை, இடைவேளைக்குப் பிறகு வரும் காட்சிகளில் இருக்கிறது. அப்போது லாக்லைனை மூடி வைத்துவிட்டுத் திரைக்கதைக்குப் போங்கள்.

நான் அதை இரண்டு வாக்கியமாக உடைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் வினை கடைசியில்தான் வரும். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்தால் எச்சம் மேல் எச்சமாக ஏறி, யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் படிப்பவர் மூச்சு வாங்கிவிடுவார். முதல் வாக்கியம் ஆளையும் அவள் செய்த காரியத்தையும் சொல்லட்டும். இரண்டாவது, அதனால் என்ன பறிபோகும் என்பதைச் சொல்லட்டும். பெயர் வேண்டாம், தொழில் போதும். “உணர்ச்சிகரமான” என்பதையும் எடுத்துவிடுங்கள். உணர்ச்சி படிப்பவருக்கு வர வேண்டும், நாம் அறிவிக்கக் கூடாது.

அடுத்த முறை குழுவிடம் கொடுக்கும்போது “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். படித்ததும் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “இது யாருடைய கதை, அவள் என்ன செய்கிறாள், தோற்றால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். ரொம்பக் கஷ்டமாக இருக்கும், வாய் துறுதுறுக்கும். ஆனால் நீங்கள் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால், அதன் பிறகு அவர் பேசுவது உங்கள் விளக்கத்தைப் பற்றித்தான், தாளில் இருப்பதைப் பற்றி இல்லை. தயாரிப்பாளரின் அறையில் பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்கப்போவதில்லையே. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் என்றால் குறித்துக்கொண்டு காத்திருங்கள்.

மற்றவர்களுக்குக் கருத்துச் சொல்வதும் இதே வழிதான், திசை மட்டும் வேறு. “எனக்கு இது பிடிக்கல” என்பதை வைத்து எழுதியவர் எதையும் செய்ய முடியாது. “இரண்டாவது வரியில் ‘அவன்’ என்பது அண்ணனா வில்லனா என்று குழம்பினேன்” என்றால் அன்றைக்கே திருத்திவிடுவார். எது நன்றாக மனதில் நின்றது என்பதையும் குறிப்பாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அதையே அவர் வெட்டி எறிந்துவிடக்கூடும். முழு லாக்லைனையும் நீங்களே மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். (மேலே நான் எழுதிக் காட்டியது உங்கள் கடிதத்தில் முழுக் கதையும் இருந்ததால்தான்.) அவர் மனதில் ஓடும் படம் வேறாக இருக்கலாம், முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய லாக்லைனை அந்த மூன்று பேரிடம் காட்ட வேண்டாம், அவர்களுக்கு இப்போது கதை தெரியும். இதைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்போது “மறைச்சிடறா” என்ற பேச்சு தானாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் முதல் வாக்கியத்தில் இன்னும் வேலை இருக்கிறது.