கழுத்தைத் தூக்கினால் கத்தும் நாய்: ஜவ்வு விலகலா?

கேள்வி: தோட்டத்தில் வளர்க்கும் ஐந்து வயது டாஷ்ஹண்ட் நாய், நான்கு நாட்களாகத் தலையைத் தாழ்த்தியே நிற்கிறது. தூக்கினால் வீலென்று கத்துகிறது. தட்டில் வைத்தால் சாப்பிடுவதில்லை. வாயருகே நீட்டினால் சாப்பிடுகிறது. நடை சரியாக இருக்கிறது. வீட்டிலுள்ள வலி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் மேல் ஸ்டீராய்டு சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

நீட்டினால் சாப்பிடுகிறது என்கிறீர்களே, அதுதான் நல்ல தடயம். பசி இருக்கிறது, குனியத்தான் முடியவில்லை. கழுத்து ஜவ்வு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் தட்டு, விலகியிருக்க வாய்ப்பு அதிகம். டாஷ்ஹண்ட், பீகிள் இனங்களில் இளம் வயதிலேயே ஜவ்வு ஈரம் வற்றிக் கெட்டிப்படும். சாதாரணமாகக் குதித்தால்கூடப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருப்பதால், பல நாய்களுக்கு வலி கடுமையாக இருந்தும் நடை கெடாது.

கழுத்தை நீங்களாகத் திருப்பிப் பார்க்காதீர்கள். வலியில் வளர்த்தவரையே கடித்துவிடும். மருத்துவர் கழுத்துத் தசை இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பாதத்தை மடக்கி வைப்பார். நரம்பு நன்றாக இருந்தால் நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. எலும்பு முறிவு, எலும்பில் கிருமித்தொற்று போன்றவை உண்டா என்று பார்க்க அது உதவும். ஜவ்வு விலகியிருக்கிறது என்று உறுதிசெய்ய எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும்.

நடை கெடாத நாய்க்கு முதல் வைத்தியம் ஓய்வுதான். எழுந்து நிற்கவும் திரும்பவும் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டில் குறைந்தது நான்கு வாரம் வைத்திருங்கள். மலஜலம் கழிக்க மட்டும் வெளியே விடுங்கள், அதுவும் கழுத்துப்பட்டை இல்லாமல், மார்பில் மாட்டும் வாரில் பிடித்து. தட்டை மார்பு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். மருத்துவர் தரும் மருந்தில் சில நாட்களிலேயே வலி தணியும்; நாய் துள்ளும், கூண்டைப் பிறாண்டும். பார்க்கப் பாவமாக இருக்கும். அப்புறம் என்ன, குணமாகிவிட்டது என்று பலர் திறந்துவிடுவது அப்போதுதான். வலிதான் அடங்கியிருக்கிறது, ஜவ்வு இன்னும் ஆறவில்லை. அந்த நேரத்தில் ஓடவிட்டால் மேலும் பிதுங்கிக் கால்கள் விழக்கூடும்.

மருந்துக்கும் ஓய்வுக்கும் வலி அடங்காவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால், அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள். தொண்டைப் பக்கமாகத் திறந்து, எலும்பில் சிறு வழி செய்து பிதுங்கியதை எடுப்பார்கள். கால் தள்ளாடினாலோ, எழ முடியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்து அசையாதபடி பலகையில் கிடத்தி, உடனே கொண்டு போங்கள்.