பிள்ளை நித்திரை கொள்ளும் நேரம் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் கணவரோடும் மாமியோடும் இருக்கிறேன். மகளுக்கு ஐந்து மாதம். லண்டன் நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கும் கொழும்பு அலுவலகம் ஒன்றில் வேலை. பிரசவ விடுமுறை முடிந்தபின் வீட்டிலிருந்தே செய்ய விட்டிருக்கிறார்கள். பகல் 1.30க்குத் தொடங்கினால் இரவு 9.30 ஆகிவிடும். கணக்கியல் இறுதிநிலைப் பரீட்சையில் மூன்று பாடங்கள் மிச்சம். பிள்ளை நித்திரை கொள்ளும்போது படிக்கலாம்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் புத்தகத்தைத் திறந்ததும் அவள் விழித்துவிடுகிறாள். கணவர் கோட்டையிலிருந்து வீடு திரும்ப 7.30 ஆகும். மாமிக்கு முழங்கால் வருத்தம், பிள்ளையைத் தூக்கி நடக்க முடியாது. அம்மா யாழ்ப்பாணத்தில். வேலையை விடுவதா, பரீட்சையை விடுவதா? சில நாட்களில் இரண்டையுமே விட்டுவிடலாம் போலிருக்கிறது.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குச் சொல்லப்படும் அந்த அறிவுரையை முதலில் ஒதுக்கிவைப்போம். ஐந்து மாதப் பிள்ளைக்கு ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி இரவோடு போய்விடுகிறது. பகலில் மிஞ்சுவது துண்டு துண்டான உறக்கம். இந்த வயதில் உறக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 50 நிமிடங்களில் முடிந்துவிடுவதால், அந்த இடத்தில் பிள்ளை அசைந்து விழிப்பது அதன் உடலின் இயல்பே. அந்தத் துண்டுக்குள்தான் உங்கள் குளிப்பும் சாப்பாடும், துணி துவைப்பும், இரவில் கெட்ட நித்திரையைச் சரிசெய்வதும் அடங்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, ஒரு காதைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு, துணைக் கம்பனிகளின் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் நீண்ட வினா ஒன்றை யாராலும் செய்து முடிக்க முடியாது. இந்த அறிவுரையைச் சொல்பவர்கள் ஒரு வாரம் அப்படிப் படித்துப் பார்க்கட்டும்.

உங்களுக்கு வேண்டியது, பிள்ளை விழித்திருந்தாலும் அவளுடைய பொறுப்பு முழுதாக இன்னொருவர் கையில் இருக்கும் நேரம். அது நாளுக்கு ஒரு மணி நேரமாக இருந்தாலும் போதும். உங்கள் கடிதத்தில் கணவர் வீடு திரும்பும் நேரம் இருக்கிறது. புறப்படும் நேரம் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிறவருக்கு விடிகாலை நேரம் அநேகமாகக் கையில் இருக்கும். முதல் பாலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அவரிடம் ஒப்படையுங்கள்; அவர் அவளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய் வரட்டும். வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் நீங்கள் எழுந்து வருவீர்கள், அவரும் உங்களைக் கூப்பிடுவார்.

மாமியால் நடக்க முடியாவிட்டாலும் இருக்க முடியும். இன்னும் தவழத் தொடங்காத பிள்ளையைக் கீழே பாயில் கிடத்தி, அவரைப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருத்தினால், பேச்சும் கிலுகிலுப்பையுமாக அரை மணி நேரம் போய்விடும். ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் அவள் தவழ ஆரம்பித்துவிடுவாள், பிறகு மாமியால் பின்னால் போக முடியாது. எட்டு, ஒன்பது மாதமளவில் தாய் கண்ணுக்கு மறைந்தாலே அழும் பருவமும் வரும். ஆகவே பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வந்து போகக்கூடிய ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பதென்றால், அந்தப் பருவத்துக்கு முன்பே வைத்துப் பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். அம்மாவைப் பரீட்சை மாதத்துக்கென்று கேட்டு வையுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதால் இவையெல்லாம் நடக்காது என்று யாரேனும் சொல்லக்கூடும். பிழிந்தெடுத்த பால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்கள் இருக்கும். வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கொழும்பு வெக்கையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கோப்பையால் பருக்க மாமிக்கும் கணவருக்கும் காட்டிக்கொடுங்கள்.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகளை எங்கள் சட்டம் தருகிறது; பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து வேலை செய்பவரிடம் இதை யாரும் நினைவூட்டுவதில்லை. வீட்டில்தானே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு நேரங்களையும் அலுவலக நாட்காட்டியில் வெளிப்படையாகக் குறித்து, மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இன்னொன்று: ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டனில் மணிக்கூட்டைப் பின்னே வைத்ததும் உங்கள் வேலை 2.30க்குத் தொடங்கும்; மார்ச் கடைசி வரை அப்படியே. வேலையின் பிற்பாதியில் கூடுதலாக ஒரு மணி நேரம் கணவர் வீட்டில் இருப்பார்.

இரண்டையும் விட்டுவிடலாம் என்று தோன்றுவது களைப்பினால் என்றால், மேலே சொன்னவற்றால் குறையும். ஆனால் பிள்ளை உறங்கும்போதும் உங்களுக்கு நித்திரை வராமல், அழுகையும் வெறுமையும் இரண்டு வாரங்களைத் தாண்டினால், உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வேலையை விட வேண்டாம். உதவிக்கு வருபவரின் சம்பளம் அதிலிருந்துதான் வரப்போகிறது. பரீட்சையையும் விட வேண்டாம், வேகத்தை மட்டும் குறையுங்கள். நீண்ட கணக்குகளுக்குக் காலை நேரத்தை வைத்து, விரிவுரைப் பதிவுகளைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது கேளுங்கள். அடுத்த தவணைக்கு ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் காலை நேரத்தைக் கணவரோடு பேசி முடிவுசெய்துவிடுங்கள்.