சீனாவில் சுற்றுலாப் பயணிகள் போகாத பழைய கிராமத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறீர்களா? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் அங்கே உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு இருந்தால் மட்டும் போங்கள். நீங்கள் சீனாவில் வேலை பார்ப்பவராக இருப்பீர்கள், கூட வேலை செய்பவர் யாராவது "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டிருப்பார், பிள்ளைகளை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மலேசியத் தமிழச்சி. கேமரன் மலையில் பிறந்தவள். பாட்டியும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். கணவர் பினாங்குச் சீனர். அவருடைய தாத்தா ஃபூஜியன் மாகாணத்து அன்சி வட்டாரத்தில், பெங்லாய்க்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா வேண்டாம் என்று ஆனதும், அடுத்த மே மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் கிளம்பிவிட்டோம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் விசா எடுத்துத்தான் போக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் சொல்வதில்லை. விடுதியில் தங்கினால் உங்கள் பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். யார் வீட்டிலாவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். எங்களைப் பெரியப்பா கூட்டிப் போனார். கணவருடைய அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர், 79 வயது. அரை மணி நேர வேலைதான். வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கத்து இணையத்தில் வேலை செய்யாது, அங்கே பேசப் பயன்படும் வீசாட் செயலியை ஊரிலேயே போட்டுக்கொண்டு போங்கள்.

ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. செங்கல் சுவர், இரண்டு முனையிலும் தகைவிலான் வால் போல மேலே வளைந்த கூரை. முற்றத்தில் புல். வேலை செய்யும் வயதுள்ளவர்கள் பக்கத்து நகரங்களான சுவான்சோவிலும் சியாமெனிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பது கிழவர்களும் அவர்கள் பார்த்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகளும்தான். போய் இறங்கியதும் ஆளுக்கு ஒரு கிண்ணம் மெல்லிய சேமியா, மேலே இரண்டு அவித்த முட்டை. கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்தால் முதலில் அதைத்தான் கொடுப்பார்களாம். போனவர் என் கணவருடைய தாத்தா, சாப்பிட்டது நாங்கள். பெரியம்மா எதிரே உட்கார்ந்து கிண்ணம் காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பயம் வேறு. மகன் அப்பா நிறம், மகள் என் நிறம். இங்கே பள்ளியிலேயே அவளைக் கேட்காத கேள்வி இல்லை. எதிர்பார்த்தபடியே முதல் நாள் ஒரு சின்னப் பையன் அவள் கையைத் தேய்த்துத் தன் விரலைப் பார்த்தான். அவனுடைய பாட்டி அவன் கையில் ஒன்று போட்டார். மகள் அன்று சாயங்காலம் வெளியே வரவே இல்லை. மறுநாள் பெரியம்மா எங்களை மலை மேல் இருக்கும் சிங்ஷுய் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அந்தச் சாமிக்கு முகம் கறுப்பு. பினாங்குப் பாம்புக் கோயிலில் இருப்பதும் இதே சாமிதான், சோர் சூ கோங் என்போம். மகளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெரியம்மா அவள் கன்னத்தைத் தொட்டு அந்த ஊர்ப் பேச்சான ஹொக்கியனில் ஏதோ சொன்னார். கணவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது: "எங்கள் சாமி நிறம்." இதை வைத்துக்கொண்டு சீனாவில் நிறம் பார்ப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. பார்க்கிறார்கள். அந்தக் கிழவி சொன்னதை நான் மறக்க மாட்டேன், அவ்வளவுதான் சொல்கிறேன்.

இரண்டாம் இரவு பெரியப்பா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் தாத்தா பினாங்கிலிருந்து அனுப்பிய கடிதங்கள். உறையின் மேலேயே எவ்வளவு பணம் என்று எழுதியிருந்தது. கடிதமும் பணமும் ஒன்றாக வருமாம், சியாவ்பி என்று பெயர். இப்படிப்பட்ட கடிதங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. பெரியப்பாவுக்கு அந்த விவரம் தெரியாது. "இந்தப் பணத்தில்தான் எங்கள் அப்பா சோறு தின்றார்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் குடும்பப் பதிவேட்டை எடுத்தார். சூபு என்கிறார்கள். என் கணவர் அதில் 23ஆம் தலைமுறை. மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியின்போது எரிக்கச் சொன்னார்களாம். பெரியப்பாவின் அப்பா தேயிலை ஜாடிக்குள் போட்டு மேலே தேயிலையைக் கொட்டி மறைத்து வைத்தாராம். புதிதாக அச்சடிக்கப் போகிறார்கள், அதனால் எங்களைச் சேர்க்க வேண்டும் என்றார். பழைய வழக்கப்படி பெண் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். மனைவிக்கும் பெயர் கிடையாது, இன்ன குடும்பத்துப் பெண் என்று மட்டும் இருக்கும். இப்போது எல்லாரையும் எழுதுகிறோம் என்றாள் அவருடைய பேத்தி, சுவான்சோவில் படிக்கிற பெண். மகனையும் மகளையும் எழுதியாயிற்று. பிறகு பெரியப்பா என்னைப் பார்த்து, "உன் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எங்களுக்கு அது இல்லை. என் பெயருக்குப் பின்னால் த/பெ போட்டு, செத்துப்போன அப்பா பெயர் வரும், அவ்வளவுதான்.    

 பெரியப்பா சற்று யோசித்தார். "அப்பா பெயரில் முதல் சத்தம் என்ன?" என்று கேட்டார். "மு" என்றேன். பேத்தி சிரித்தாள். மு என்று சீனக் குடும்பப் பெயரே இருக்கிறதாம், அமைதி, மரியாதை என்று பொருளாம். பென்சிலால் எழுதி, எனக்குத் திருப்பிக் காட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் சந்தோஷம் என்று நினைத்தார்கள். சந்தோஷம் மட்டும் இல்லை. சுவான்சோவில் 1281இல் சிவன் கோயில் எழுப்பிய தமிழனின் பெயர், சம்பந்தப் பெருமாள் என்று, கல்வெட்டில் இன்றும் இருக்கிறது. நூறு வருஷத்துக்குள் கப்பலேறிய என் கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "நாமக்கல் பக்கம்" என்பார் பாட்டி. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்தார், அதற்கு மேல் இல்லை. அவர் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் தோட்டத்துச் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் புத்தகம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது அந்தப் புத்தகங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மலேசியாவுக்குத் திரும்பியதும் பெரியப்பாவின் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இதில் உங்க அப்பா எங்கே?" என்று கேட்டார். மு இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

பிள்ளைகளுக்குச் சலிக்காதா என்று கேட்பீர்கள். முதல் நாள் சலித்தது. வசந்த காலத் தேயிலைப் பறிப்பு முடிந்து வீட்டுக்கு வீடு காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் தட்டில் சுருண்ட இலைகள். பெரியம்மா பார்க்காமலே கையை விடுவார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சுண்டு, காம்பு தனியாகப் போய் விழும். அந்தச் சுண்டு என் பாட்டியுடையது. பாட்டி கொழுந்து கிள்ளியதும் அதே இரண்டு விரலால்தான், அதே வேகத்தில்தான். நான் உட்கார்ந்தேன், பெரியம்மா என் விரலைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பாதி என் பக்கம் தள்ளினார். பிறகு மகளும் வந்து உட்கார்ந்தாள். கையைத் தேய்த்துப் பார்த்த அந்தப் பையனும்தான்.

மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாள் முழுக்க உங்களை விருந்தாளியாகவே வைத்திருப்பார்கள், எழுந்து ஒரு தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். தட்டு கைக்கு வர இரண்டு நாள் ஆகும்.