சுண்டெலி வளர்ப்பதா, சீட்டெடுப்பதை நிறுத்துவதா?

கேள்வி: ஸ்காபரோவில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் சொந்த வீட்டில் வசிக்கிறேன். ஆசைக்கு வளர்க்கும் நான்கு கோர்ன் ஸ்னேக் பாம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒரு சுண்டெலி தின்னும். கடையில் உறைந்த சுண்டெலி ஒன்று வரியோடு நாலரை டொலர் ஆகிறது. 20 பேர் சேர்ந்த, மாதம் 500 டொலர் சீட்டொன்றை மூன்றாம் மாதமே மொத்தம் 10,000 டொலரில் 2,600ஐக் கழிவாக விட்டுக்கொடுப்பதாகக் கூறி 7,400 டொலருக்கு எடுத்தேன். அதில் 4,800 டொலரை என் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தேன். அவர் போல் பைதன் (ball python) என்னும் மலைப்பாம்பு வகையின் இரண்டு குஞ்சுகளை வாங்கி என் பேஸ்மென்ரில் விட்டிருக்கிறார். அவை முட்டையிட்டதும் குஞ்சுகளை விற்றுக் காசைத் திருப்பித் தருவாராம். இதற்கு முன்னும் அவருடைய காருக்கும் ஊர்ப் பயணத்துக்குமாக இரண்டு முறை சீட்டெடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது பத்துத் தொட்டிகளில் 40 பெண் சுண்டெலிகளை வைத்து நாமே பெருக்கலாம், மிஞ்சுவதை விற்கலாம் என்கிறார். 2,200 டொலர் வேண்டும். புதிய சீட்டில் சேர்ந்து எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சீட்டுக் காசு என் சொந்தக் காசுதானே? தொட்டிகளுக்கு 300 டொலர் முற்பணமும் கட்டிவிட்டேன். கடனட்டையில் 19.99 சதவீத வட்டியில் 6,300 டொலர் நிற்கிறது. வரியற்ற சேமிப்புக் கணக்கில் 5,000 டொலர் உண்டு. இளைய மகனுக்குத் தொய்வு இருப்பதால் மனைவி தயங்குகிறார். சுண்டெலி வளர்க்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் சுண்டெலித் தொட்டிகளுக்கு இரண்டு பக்கமும் சீட்டுக்கு நான்கு வரியும் ஒதுக்கியிருந்தீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தவை அந்த நான்கு வரிகள்தான். இருந்தாலும் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வளர்க்க வேண்டாம்.

நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 150 சுண்டெலி தேவைப்படும். ஒவ்வொன்றாகக் கடையில் வாங்குவதால் 675 டொலர் செலவாகிறது. உங்களுக்குத் தொட்டி விற்கிறவரே 50 சுண்டெலி கொண்ட உறைந்த பொதியை 110 டொலருக்குத் தருவதாக நீங்களே போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று பொதி வாங்கினால் 330 டொலருடன் வருடம் முடிந்துவிடும். ஒரு தொட்டியும் வாங்காமலே 345 டொலர் மிச்சம். சமையலறைக் குளிர்ப்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த எலிகளில் சல்மொனெல்லா கிருமி உயிரோடு இருக்கக்கூடும்; அமெரிக்காவில் 2010இல் இப்படிப் பரவிய நோயினால் உறைந்த எலிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது.

உங்கள் பாம்புகளுக்கு மட்டும் என்று வளர்த்தால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். ஓர் ஆணும் மூன்று பெண்ணும் போதும். சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று கிழமை. ஓர் ஈற்றுக்கு எட்டுக் குட்டி என்றும், இழப்புகள் போக வருடத்துக்கு ஏழு ஈற்று என்றும் வைத்தால் 168 குட்டிகள் கிடைக்கும். ஆனால் குட்டி வளர்ந்து பாம்புக்குத் தகுந்த அளவாக ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும் என்பதால், எந்நேரமும் முப்பது வாய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுக்கு நாளொன்றுக்கு நாலரை கிராம் என்றாலும் வருடத்துக்கு 50 கிலோ. நீங்கள் சொன்ன விலையில் 50 இறாத்தல் மூடை 70 டொலர். இரண்டு மூடைக்கு மேல் போகும், ஆக 155 டொலர். மரச்சீவல் படுக்கைக்கு மாதம் 10 டொலர் சேர்த்தால் மொத்தம் 275 டொலர். பொதி வாங்குவதோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது 55 டொலர். தினமும் கால் மணி நேரம், கிழமைக்கு ஒருமுறை தொட்டி கழுவ ஒரு மணி நேரம் என்று வருடத்தில் 140 மணி நேரத்துக்கு மேல் அதற்காகப் போகும். ஒன்ராறியோவில் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 17 டொலருக்கு மேல் இருக்கும்போது, நீங்கள் உங்களுக்கு மணிக்கு 40 சதம் கூடக் கொடுத்துக்கொள்ளவில்லை.

மச்சானின் திட்டம் இதைவிடப் பெரியது என்பதால் இதைவிட மோசமானது. நாற்பது பெண்ணிலிருந்து வருடத்துக்கு 2,200 குட்டிக்கு மேல் வரும். 150 போக மற்றதையெல்லாம் விற்க வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் 350 உயிர்களுக்கு வருடத்தில் 570 கிலோ தீனி, அதாவது 25 மூடை, 1,750 டொலர். படுக்கைச் செலவு தனி. வாங்க ஆள் இல்லாத கிழமையிலும் அவை தின்னும், பெருகும். ஈன்ற ஒரே நாளுக்குள் தாய் மறுபடி கருத்தரிக்கக்கூடிய பிராணி அது. உறைய வைத்து விற்பதென்றால் யாராவது கொல்ல வேண்டும். கரியமில வாயுவை மெதுவாகச் செலுத்துவது வழக்கமான முறை. கண் திறக்காத குட்டிகள் ஒட்சிசன் குறைவைத் தாங்கக்கூடியவை என்பதால் அவற்றுக்கு வெகுநேரம் எடுக்கும். கிழமைக்கு நாற்பது உயிரை இப்படிக் கையாளப் போவது வேலையால் களைத்து வரும் நீங்களா, மச்சானா என்று கடிதத்தில் இல்லை. வருமானவரியில் இது வியாபார வருமானம், கணக்குக் காட்ட வேண்டும். சொந்தப் பாம்புக்குப் போட்ட தீனியைச் செலவாகக் காட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுண்டெலியின் சிறுநீரிலுள்ள புரதம் தொய்வைத் தூண்டும் பொருள்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆய்வுக்கூடங்களில் எலிகளோடு வேலை செய்யும் பெரியவர்களுக்கே அதனால் ஒவ்வாமை வருகிறது. வீட்டின் காற்று பேஸ்மென்ரிலிருந்து மேலே ஏறும். உங்கள் மனைவியின் தயக்கத்தை நீங்கள் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.

இனிப் பைதன்கள். இதை எழுதும்போது எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைந்துவிடுகிறது, ஏனெனில் நிறத்துக்காக இனம்பெருக்கும் இந்தப் பாம்புகளை முதலீடு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். போல் பைதனில் பைபோல்ட் என்னும் வெள்ளைத் திட்டு வகை மரபுவழி வருவதென்று 1997இல் இனப்பெருக்கத்தின் மூலம் நிரூபிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒன்று பல்லாயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. இன்று அதே வகை சில நூறு டொலருக்குக் கிடைக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, வாங்கிய ஒவ்வொருவரும் விற்பதற்காகவே பெருக்கினார்கள், அவ்வளவுதான். இருபது, முப்பது வருடம் உயிர்வாழும் பிராணி என்பதால் பழைய இருப்பும் சந்தையை விட்டுப் போவதில்லை. உங்கள் மச்சான் வாங்கியிருக்கும் பெண் குஞ்சு முட்டையிடத் தகுந்த ஒன்றரைக் கிலோ எடைக்கு வர ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும். ஒரு தடவைக்கு ஆறு முட்டை அளவில் இடும், அதையும் எல்லா வருடமும் இடாது. குஞ்சு ஒன்று 800 டொலர் என்று அவர் இன்றைய விலையில் கணக்குப் போடுகிறார். விற்கப்போவது மூன்று வருடம் கழித்து வரும் விலையில். எல்லை தாண்டி பஃபலோவில் விற்கலாம் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போல் பைதன், காட்டுயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; ஏற்றுமதி அனுமதிப் பத்திரமின்றி அதைக் காரில் வைத்து எல்லை கடப்பது குற்றம். இன்னொன்று: வளர்ந்த பைதனுக்குப் பொதுவாகப் பெரிய எலிதான் போடுவார்கள். சுண்டெலி என்றால் ஒரு வேளைக்கு மூன்று நான்கு வேண்டும், சுண்டெலிக்குப் பழகியது பெரிய எலிக்கு மாற மறுத்து மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதும் உண்டு. ஆகவே சுண்டெலித் தொழில் இந்தப் பைதன் தொழிலுக்கே ஒழுங்காகப் பொருந்தவில்லை.

இப்போது அந்த நான்கு வரிக்கு வருவோம். சீட்டுக் காசு என் சொந்தக் காசுதானே என்று கேட்கிறீர்கள். இல்லை. மூன்றாம் மாதத்தில் சீட்டுக்குள் இருந்த உங்கள் காசு, முன்னர் எடுத்தவர்களின் கழிவில் உங்களுக்கு வந்த பங்கு போக, ஏறத்தாழ 1,250 டொலர். நீங்கள் எடுத்தது 7,400. மீதி 6,150 டொலர் மற்றப் பத்தொன்பது பேருடையது. எடுத்தவருக்குப் பின்னர் வரும் கழிவில் பங்கில்லை என்பது உங்கள் சீட்டின் ஒழுங்கு என்பதால், அதற்குப் பிறகு 17 மாதமும் முழுதாக 500 கட்ட வேண்டும், அதாவது 8,500 டொலர். 6,150 வாங்கி 8,500 கொடுக்கிறீர்கள். கூடுதலாகப் போவது 2,350 டொலர். ஒன்றரை வருடத்துக்கும் குறைந்த காலம், அதிலும் நிலுவை மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், வருட வட்டி ஏறத்தாழ 45 சதவீதம். கடனட்டை 20 சதவீதம் கேட்கிறது என்று கடிதத்தில் கொதித்திருக்கிறீர்கள். அதைப்போல் இரு மடங்குக்கு மேலான வட்டிக்கு நீங்களாகவே கையை உயர்த்தி, அந்தக் காசில் பெரும்பகுதியை இன்னொருவருக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். இப்படி மூன்று முறை.

சீட்டு என்ற முறையை நான் குறை சொல்ல வரவில்லை. கடைசி மாதங்கள் வரை பொறுத்திருப்பவருக்கு அது நல்ல சேமிப்பு. உங்களைப் போன்றவர்கள் கூறுகிற கழிவுதான் அவருக்கு ஆதாயமாகப் போகிறது. கடன் என்று பெயர் இல்லாததால் நீங்கள் அதைக் கடனாக எண்ணுவதில்லை, கையெழுத்தும் வட்டி வீதமும் இல்லாததால் மச்சானும் அப்படியே எண்ணுகிறார். ஒவ்வொரு சீட்டையும் எடுத்த பிறகு மாதம் 500 டொலர் வீட்டுச் செலவிலிருந்து கழிவதால், அந்த இடைவெளியைக் கடனட்டை நிரப்புகிறது. அந்த 6,300 டொலர் நிலுவை எப்படி வந்ததென்று விளங்கவில்லை என்கிறீர்கள், இப்படித்தான் வந்தது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நடக்கிற சீட்டில் மீதி 11 மாதத்தையும் ஒரு நாளும் தவறாமல் கட்டி முடியுங்கள். தவறினால் போவது உங்கள் பெயர் மட்டுமன்று, மற்றவர்களின் காசும். புதிய சீட்டில் சேர வேண்டாம். எடுக்காமல் கடைசி வரை இருப்பேன் என்று சேர்வதும் வேண்டாம், மச்சான் தொலைபேசியில் அழைத்தால் உங்களால் அப்படி இருக்க முடியாது என்பதற்குக் கடந்தகாலம் சாட்சி. சேமிப்புக் கணக்கிலுள்ள 5,000 டொலரில் 4,000ஐ எடுத்து இந்த மாதமே கடனட்டைக்குக் கட்டுங்கள். அங்கே மூன்று சதவீதம் சம்பாதிக்கும் காசு இங்கே 20 சதவீதத்தைத் தடுக்கும். மாதம் 65 டொலருக்கு மேல் வட்டி குறையும், அந்த ஒரு காரியமே பொதி வாங்கி மிச்சப்படுத்துவதைவிட இரு மடங்குக்கு மேல். எடுத்த தொகையை மீண்டும் போடுவதற்கான இடம் அடுத்த வருடம் ஜனவரி முதலாம் திகதி உங்கள் கணக்குக்குத் திரும்ப வந்துவிடும் என்பதால் அதை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அட்டையில் மீதியாகும் 2,300 டொலரை வட்டியில் மிஞ்சுவதையும் தீனியில் மிஞ்சுவதையும் கொண்டு குறைத்துவந்து, சீட்டு முடிந்ததும் அந்த 500ஐ அதற்கே திருப்பினால் முழுவதும் தீர்ந்துவிடும்.

மச்சானோடு கதைப்பதற்கு முன் மனைவியோடு கதையுங்கள். அவருடைய தம்பி என்பதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் கொடுத்தேன் என்கிறீர்கள், ஆனால் மனைவி கேட்டுக் கொடுத்ததாக ஓரிடத்திலும் எழுதவில்லை. பிறகு மச்சானிடம் இரண்டு விடயம் சொல்லுங்கள். 4,800 டொலரை, முட்டைக்காகக் காத்திராமல், அடுத்த மாதத்திலிருந்து 200 டொலர் வீதம் 24 மாதத்தில் தர வேண்டும். பைதன்கள் அவருடையவை என்றால் அவையும் அவற்றின் சூடாக்கியும் தீனிச் செலவும் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். அவர் இரண்டுக்கும் உடன்படாவிட்டால், பைதன்களை இன்று கிடைக்கும் விலைக்கு விற்று அந்தக் காசைக் கடனட்டையில் போடுங்கள். பாதி விலைதான் கிடைக்கும் என்றாலும் விற்றுவிடுங்கள். மூன்று வருடம் தீனி போட்ட பிறகு இன்னும் குறைவாகக் கிடைக்கலாம்.

தொட்டிகளுக்குக் கட்டிய 300 டொலர் திரும்பி வராது என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் காசைக் கேட்காதீர்கள், அதற்கு ஈடாக உறைந்த சுண்டெலி கேளுங்கள். அவருடைய விலையிலேயே ஏறத்தாழ 135 சுண்டெலி வரும். உங்கள் நான்கு பாம்புகளுக்கும் பதினொரு மாதம் காணும்.